"தானாத்தான் போகுதே, அப்புறம் எதுக்கு டியூப்?": ஸ்பைனா பைஃபிடாவும் சிறுநீர்ப்பைப் பராமரிப்பும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில், ஸ்பைனா பைஃபிடாவோடு (முதுகுத்தண்டில் பிளவோடு) பிறந்த பிள்ளை உள்ள வீட்டில் இந்தக் கேள்வி ஒரு முறையாவது எழும். பிள்ளைக்கு நாள் முழுக்கச் சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. பேம்பர்ஸ் மாற்றி மாளவில்லை. ஈப்போ மருத்துவமனைக்கு அழைத்துப் போனால், மிஸி (தாதி) ஒரு மெல்லிய குழாயைக் கையில் கொடுத்து, நாளைக்கு ஐந்தாறு தடவை இதைப் போட்டுச் சிறுநீரை எடுங்கள் என்கிறார். தானாக வழிகிறதைக் குழாய் போட்டு வேறு எடுப்பானேன் என்று பாட்டி கேட்டால், அதில் நியாயம் இருப்பதுபோலத்தான் தோன்றும்.

வழிவது வேறு, காலியாவது வேறு. இந்த வேறுபாடு பிடிபட்டால்தான் மற்றவை புரியும்.

சிறுநீர்ப்பைக்குள் என்ன நடக்கிறது

கரு உருவான முதல் 28 நாளுக்குள் முதுகுத்தண்டின் நரம்புக்குழாய் மூடிக்கொள்ள வேண்டும். ஓரிடத்தில் மூடாமல் போனால் அதுதான் ஸ்பைனா பைஃபிடா. தாய்க்குத் தான் கர்ப்பமாக இருப்பதே தெரியாத நாள்கள் அவை. அதனால்தான் குழந்தை பெறத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே நாளுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுக்கச் சொல்கிறார்கள்.

சிறுநீர்ப்பையை ஆளும் நரம்புகள் முதுகுத்தண்டின் அடிமுனையிலிருந்து, எஸ்2 முதல் எஸ்4 வரையான இடத்திலிருந்து வருகின்றன. முதுகில் பிளவு எங்கே இருந்தாலும் இந்த நரம்புகள் பெரும்பாலும் பாதிக்கப்படும். நன்றாக நடக்கிற பிள்ளைக்கும் சிறுநீர்ப்பைக் கோளாறு இருப்பதன் காரணம் இது. "கால் நல்லாத்தானே இருக்கு" என்று மருத்துவமனைத் தேதியைத் தவறவிடும் குடும்பங்கள் ஏமாறுவதும் இங்கேதான்.

சாதாரணமாக, பை சுருங்கும்போது அதன் வாயில் உள்ள வளையத்தசை திறந்து கொடுக்கும். இங்கே இரண்டும் ஒத்துப்போவதில்லை. பை சுருங்குகிறது, கதவு திறக்கவில்லை. உள்ளே அழுத்தம் ஏறுகிறது. ஓரளவுக்கு மேல் தாங்காமல் கொஞ்சம் வெளியே பீறிடுகிறது. நம் கண்ணுக்குத் தெரிகிற சொட்டு அதுதான். மீதி உள்ளேயே தங்குகிறது. அழுத்தம் மிஞ்சினால் சிறுநீர் வந்த வழியே, மேலே சிறுநீரகத்துக்குத் திரும்பும்.

40 சென்டிமீட்டர் நீரழுத்தம் என்ற அளவை மருத்துவர்கள் மனத்தில் வைத்திருப்பார்கள். இதற்கு மேல் அழுத்தம் ஏறிய பிறகே வழியும் பைகளில் சிறுநீரகம் கெடும் ஆபத்து அதிகம் என்பது 1981இலேயே கவனிக்கப்பட்டது. ஆக, நனையாமல் இருக்கும் பிள்ளைதான் பத்திரம் என்று சொல்ல முடியாது. இறுக்கமான கதவு உள்ள பிள்ளை நனையாது. ஆனால் அதன் சிறுநீரகம் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டிருக்கலாம். வலியும் இராது. அழுத்தத்தை அளக்க யூரோடைனமிக்ஸ் என்ற சோதனையும், சிறுநீரகத்தைப் பார்க்க ஸ்கேனும் தேவைப்படுவது இதனால்.

இரத்தத்தில் பார்க்கும் கிரியாட்டினின் எண்ணை மட்டும் நம்பிவிடவும் கூடாது. அது தசையிலிருந்து வருகிற பொருள். கால் தசை மெலிந்தவர்களுக்கு அந்த எண் இயல்பாகவே குறைவாக இருக்கும். சிறுநீரகம் பாதி கெட்டிருந்தாலும் தாளில் எல்லாம் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். சிஸ்டாட்டின் சி என்ற சோதனை இவர்களுக்கு இன்னும் பொருந்தும்.

சுத்தம் போதும், கிருமிநீக்கம் தேவையில்லை

குழாய் போடுவதென்றால் அறுவை அறை அளவுக்குக் கிருமிநீக்கம் வேண்டும் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். 1972இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஜேக் லாப்பிடிஸ் என்ற சிறுநீரியல் மருத்துவர், சோப்பால் கழுவிய கையும் சுத்தமான குழாயும் போதும் என்று காட்டினார். பை அளவுக்கு மீறி நிரம்பி விரியாமல் நேரத்துக்குக் காலியாவதே முக்கியம், உள்ளே நுழையும் ஒன்றிரண்டு கிருமி அல்ல என்பது அவர் வாதம். லயத்து வீட்டிலும் பள்ளிக் கழிவறையிலும் இதைச் செய்ய முடிவது அவரால்தான்.

குழாயின் பெயர் கதீட்டர். பருமனை 'ஃபிரெஞ்சு' என்ற அளவில் சொல்வார்கள். 3 ஃபிரெஞ்சு என்றால் 1 மில்லிமீட்டர். முனையின் நிறத்தைப் பார்த்தே அளவு தெரியும்: நீலம் 8, கறுப்பு 10, வெள்ளை 12, பச்சை 14. பள்ளிப் பிள்ளைகளுக்கு 8 அல்லது 10, பெரியவர்களுக்கு 12 அல்லது 14 என்பது பொதுவான வழக்கு. மிக மெல்லியதைப் போட்டால் வடிய நேரமாகும். அவசரத்தில் பாதியிலேயே எடுத்துவிடுவார்கள்.

செய்முறை:

1. சோப்புப் போட்டுக் கை கழுவுதல். சக்கர நாற்காலியைக் கையால் தள்ளுகிறவர்கள் தள்ளி முடித்து உட்கார்ந்த பிறகு கழுவ வேண்டும். முன்பே கழுவிவிட்டுச் சக்கரத்தைத் தொட்டால் வீண்.

2. உறுப்பைத் துடைத்தல். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாக. ஆண்களுக்கு முன்தோலைப் பின்னே இழுத்துத் துடைத்து, முடிந்ததும் மறக்காமல் பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும். விட்டுவிட்டால் வீங்கி இறுகிக்கொள்ளும்.

3. நீரில் கரையும் ஜெல்லை முனையில் தடவுதல். தேங்காய் எண்ணெயும் வாசலினும் நீரில் கரையாதவை, உள்ளே தங்கிவிடும். அவை வேண்டாம்.

4. மெதுவாகச் செலுத்துதல். ஆண்களுக்கு உறுப்பை வயிற்றை நோக்கி நிமிர்த்திப் பிடித்தால் வழி நேராகும். கதவருகே ஒரு தடை தட்டுப்படும். அங்கே குத்தித் தள்ளினால் இரத்தம் வரும், நாளடைவில் வடு விழுந்து வழியே குறுகிவிடும். நிறுத்தி, மூச்சை விட்டு, சில நொடி பொறுத்தால் தானே இளகும்.

5. சிறுநீர் வரத் தொடங்கியதும் இன்னும் 2, 3 சென்டிமீட்டர் உள்ளே விட்டு, நிற்கும்வரை காத்திருத்தல்.

6. எடுக்கும்போது அங்குலம் அங்குலமாக. மறுபடி ஒழுகினால் அங்கேயே நிறுத்தி வடியவிட வேண்டும். அதிகம் தவறுவது இந்தப் படியில்தான். அடியில் தங்கிய 30, 40 மில்லிலிட்டர்தான் அடுத்த தொற்றுக்கு வித்து.

இதை விழித்திருக்கும் நேரத்தில் 3 முதல் 4 மணி நேரத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டும். குழந்தையின் பை எவ்வளவு கொள்ளும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: வயதோடு 1 கூட்டி 30ஆல் பெருக்கினால் மில்லிலிட்டரில் வரும். 8 வயதுக்கு 270. ஸ்பைனா பைஃபிடா உள்ளவர்களின் பை இதைவிடச் சிறியதாக இருப்பது சகஜம். பெரியவர்கள் ஒரு தடவைக்கு 400, 500 மில்லிலிட்டரைத் தாண்டவிடக் கூடாது. தாண்டினால் இடைவெளியைக் குறைக்க வேண்டும்.

கற்றுக்கொண்ட பிறகும் ஏன் விட்டுப்போகிறது?

ஆறு படியும் பையனுக்கு மனப்பாடம். மிஸி முன்னால் அழகாகச் செய்து காட்டுகிறான். வீட்டுக்கு வந்தால் நாளைக்கு இரண்டு தடவையோடு சரி. "சோம்பேறி, திமிரு" என்ற பட்டம் வந்துவிடுகிறது. இந்தப் பட்டம் பெரும்பாலும் தவறான பட்டம். காரணங்களைப் பிரித்துப் பார்க்கலாம்.

1. தொடங்கத் தெரியாத மூளை

முதுகில் நரம்பு வெளியே பிதுங்கிப் பிறந்தவர்களில் பெரும்பாலோருக்கு மூளையில் நீர் தேங்கும் சிக்கலும் உண்டு; பலருக்கு அதை வடிக்க ஷண்ட் என்ற குழாய் பொருத்தியிருப்பார்கள். இவர்கள் நன்றாகப் பேசுவார்கள், கேட்டதற்குப் பளிச்சென்று பதில் சொல்வார்கள். ஆனால் ஒரு வேலையைத் தானாகத் தொடங்குவது, வரிசை மாறாமல் முடிப்பது, நேரம் கடப்பதை உணர்வது ஆகியவற்றில் இடறுவார்கள். பேச்சு சரளமாக இருப்பதால் இந்தக் குறை வீட்டாருக்கும் ஆசிரியருக்கும் தெரிவதில்லை. பை நிறைந்த உணர்வும் கிடையாது. உடம்பும் நினைவூட்டாது, மனமும் நினைவூட்டாது.

"மறக்காதேடா" என்று நூறு தடவை சொல்லிப் பயனில்லை. கையில் அதிர்கிற கடிகாரம் உதவும். அதைவிட, ஏற்கெனவே நடக்கிற ஒன்றோடு கட்டிவிடுவது உறுதி: பல் துலக்கும் முன், ஓய்வு மணி அடித்ததும், சீருடை மாற்றும் முன். பொருள் எல்லாம் ஒரே பையில், எடுக்கிற வரிசையிலேயே அடுக்கியிருக்க வேண்டும். கைப்பேசியில் அலாரம் வைத்தால் ஒன்று கவனியுங்கள்: அதை நிறுத்தும் விரல் வேகமானது, நிறுத்திய மறு நொடி எதற்கு அடித்தது என்பது போய்விடும்.

2. கையும் உட்காரும் நிலையும்

கால்தான் பாதிக்கப்பட்டது என்று நினைக்கிறோம். மூளையின் அடிப்பகுதி கீழிறங்கியிருக்கும் சியாரி என்ற நிலையில் கைவிரல் நுணுக்கமும் குறையும். முதுகு வளைந்திருந்தால் ஒரு கையை ஊன்றித்தான் உட்கார முடியும். மீதி ஒரு கையால் துடைத்து, பிடித்து, செலுத்த வேண்டும். பெண்களுக்குத் துவாரம் கண்ணில் படாது. தொடையிடையே வைக்கும் கண்ணாடியில் தொடங்கி, பிறகு விரலால் தடவி இடம் கண்டுபிடிக்கப் பழக வேண்டும். மாதவிலக்கு நாள்களில் இது இன்னும் கடினம். உடல் பருமன் கூடக்கூட, பத்து வயதில் முடிந்தது பதினைந்தில் முடியாமல் போகும்.

இப்படிப்பட்டவர்களுக்காகவே 1980இல் பிரான்சின் போல் மித்ரோஃபானோஃப் ஓர் அறுவையை விவரித்தார். குடல்வாலை எடுத்து, சிறுநீர்ப்பைக்கும் தொப்புளுக்கும் இடையே ஒரு வழியாகத் தைத்துவிடுவார்கள். உடை கழற்றாமல், நாற்காலியை விட்டு இறங்காமல், தொப்புள் வழியே கதீட்டர் போடலாம்.

3. கழிவறையும் கடிகாரமும்

தோட்டத்துப் பிள்ளையின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். பள்ளி வேன் விடியற்காலை 6.15க்கு வந்துவிடுகிறது. ஆக முதல் தடவை 6 மணிக்கு. அடுத்தது 10 மணி ஓய்வில். ஓய்வு நேரம் 20 நிமிடம். சக்கர நாற்காலியோ காலில் கட்டும் சட்டமோ உள்ள பிள்ளைக்குக் கழிவறைக்குப் போய், கழற்றி, போட்டு, வடித்து, மாட்டி வர 15 நிமிடம் ஆகும். சாப்பாடா, டியூபா என்று பிள்ளை தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. பசி ஜெயிக்கும். அந்தப் பிள்ளையை ஓய்வுக்கு 10 நிமிடம் முன்னதாக வகுப்பிலிருந்து விட்டால் பாதிப் பிரச்சினை தீரும். இதற்குக் காசு செலவில்லை, தலைமையாசிரியரின் ஒரு சொல் போதும்.

கழிவறை குந்தும் வகையாக இருந்தால், சட்டம் கட்டிய கால் மடங்காது. ஒரு நாற்காலி, கதீட்டர் முனையில் நீட்டிப்புக் குழாய், கீழே ஒரு பாட்டில் என்று சமாளிக்கலாம். கதவில் கொக்கியும், பை மாட்ட ஓர் ஆணியும் வேண்டும். ஈரத் தரையில் பை வைக்கிற இடத்தில் சுத்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

சிறப்புத் தேவை உள்ள எந்தப் பிள்ளையையும் பள்ளி மறுக்கக் கூடாது என்ற கொள்கை 2019 முதல் நடப்பில் உள்ளது. ஆனால் மாணவர்க்கு உதவும் பணியாளர்கள் பொதுவாகச் சிறப்புக் கல்வி வகுப்புகளுக்கே. படிப்பில் சராசரியாக இருந்து, சாதாரண வகுப்பில் உட்காரும் இந்தப் பிள்ளை நடுவில் விழுந்துவிடுகிறது. பல வீடுகளில் அம்மாவே பத்து மணிக்கு மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கு வருகிறார்.

தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்குப் போகும் நாள், கல்யாண நாள், நீண்ட பேருந்துப் பயணம் ஆகியவை தனிக்கணக்கு. அன்று தண்ணீரைக் குறைத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. சிறுநீர் கெட்டியாகி, மலமும் இறுகி, இரண்டு நாள் கழித்துக் காய்ச்சலில் முடியும். பெரியவர்கள் நாளுக்கு 1.5 முதல் 2 லிட்டர் வரை, காலையிலிருந்து மாலைக்குள் பரப்பிக் குடிப்பது நல்லது. இரவில் ஒரு பெரிய கிண்ணம் தே தாரேக் குடித்துவிட்டுப் படுத்தால் விடியும்வரை பை தாங்காது.

4. குடல்

சிறுநீர்ப்பையும் மலக்குடலும் ஒட்டுக்குடித்தனம். மலம் இறுகி நின்றால் பைக்கு இடமில்லை, கதீட்டரும் சரியாக வடிக்காது. இங்கே ஒரு விஷச் சக்கரம் உண்டு. பையின் சுருக்கத்தைத் தணிக்கக் கொடுக்கும் ஆக்ஸிபியூட்டினின் மருந்தே மலச்சிக்கலைத் தரும். மலச்சிக்கல் அந்த மருந்தின் பலனை முறியடிக்கும். "மருந்து வேலை செய்யலை" என்று நிறுத்திவிடுவார்கள். அதே மருந்து வாயை உலர்த்தும், வியர்வையையும் குறைக்கும். பேராக் வெயிலில் திடலில் நிற்கும் பிள்ளையின் முகம் சிவந்து உடல் கொதித்தால், முதலில் நிழலுக்கு அழைத்து ஈரத்துணியால் துடையுங்கள். பிறகு மருத்துவரிடம் அளவைப் பற்றிப் பேசலாம்.

5. யார் கை?

அம்மா செய்தால் 5 நிமிடம், பிள்ளை செய்தால் 20 நிமிடம். அதனால் அம்மாவே செய்கிறார். பிள்ளைக்கு 17 வயதாகும்போதும் அம்மாவே செய்கிறார். பிறகு அம்மாவுக்குத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் வருகிறது, அல்லது முதுகு வலி. அன்றிலிருந்து எதுவும் நடப்பதில்லை.

ஒரே நாளில் ஒப்படைக்க முடியாது. 4, 5 வயதில் சாமான் பையை எடுத்து வருவது பிள்ளையின் வேலை. பிறகு கை கழுவுதல், துடைத்தல். 6 முதல் 8 வயதுக்குள் பல பிள்ளைகள் தாமே செலுத்தப் பழகிவிடுகிறார்கள். சிலருக்குத் தாமதமாகும், அதில் குறையில்லை. ஆனால் செலுத்துவது பாதிதான். எத்தனை கதீட்டர் மிச்சம் என்று எண்ணுவது, அளவைக் குறிப்பது, "டாக்டர், ரெண்டு வாரமா அதிகமா நனையுது" என்று தானே வாய் திறந்து சொல்வது ஆகியவை மீதிப் பாதி. குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறும் பதின்ம வயதில் பலர் காணாமல் போவது இந்த மீதிப் பாதியைக் கற்றுத் தராததால்.

வெட்கத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். பதின்மூன்று வயதுப் பையனுக்கு அம்மாவும், பெண்ணுக்குப் பக்கத்து வீட்டு அக்காவும் டியூப் போடுவது எல்லோருக்குமே கூச்சம். கூடத்தில் பாய் விரித்துச் செய்யாமல், திரை போட்ட ஒரு மூலையாவது வேண்டும்.

6. சாமானும் காசும்

நாளைக்கு 5 என்றால் மாதத்துக்கு 150 கதீட்டர். ஓகேயு அட்டை (மாற்றுத்திறனாளி அட்டை) உள்ளவர்களுக்கு அரசு மருத்துவமனைக் கட்டணத்தில் விலக்கு உண்டு. ஆனால் கதீட்டர், ஜெல், பேம்பர்ஸ் போன்றவற்றைக் குடும்பமே வாங்க வேண்டி வருவதும் உண்டு. அதனால் ஒன்றையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். தயாரிப்பாளர்கள் ஒரு முறைக்கு மட்டும் என்றே அச்சிடுகிறார்கள். வழியில்லாமல் மறுபடி பயன்படுத்துவதானால், அது மிஸியோடு பேசி முடிவெடுத்ததாக இருக்கட்டும். முடிந்த உடனே சோப்பு நீரில் கழுவி, உட்புறம் ஓடும் நீரில் அலசி, தொங்கவிட்டு முழுக்க உலர்த்த வேண்டும். நம் ஊர் ஈரக் காற்றில், நனைந்த குழாயைப் பிளாஸ்டிக் பையில் மூடி வைத்தால் மறுநாள் பூஞ்சைதான். வழவழப்புப் பூச்சோடு வரும் வகையை எந்த நிலையிலும் மறுபடி போடக் கூடாது; பூச்சு போனபின் அது சதையில் ஒட்டிக்கொள்ளும்.

பால்மரத்து ஊரில் ஓர் எச்சரிக்கை

ஸ்பைனா பைஃபிடா உள்ளவர்களுக்கு இயற்கை ரப்பர் ஒவ்வாமை மற்றவர்களைவிட மிக அதிகம். குழந்தைப் பருவத்திலிருந்தே அறுவை மேல் அறுவை, ரப்பர் கையுறை, ரப்பர் குழாய் என்று உடம்பு ரப்பரில் உள்ள புரதத்தோடு பழகிப் பகை கொள்வது ஒரு முக்கியக் காரணம். ரப்பர் பாலிலேயே பிழைத்த ஊர்களில் இது விசித்திரமான விதி. மங்கில் (மரத்தில் கட்டும் கிண்ணத்தில்) வடியும் பச்சைப் பாலில் அந்தப் புரதம் நிறைய. இன்று செம்பனை பெருகிவிட்டாலும், பால் வெட்டப் போகும் பெற்றோர் அதே சட்டையோடு பிள்ளையைத் தூக்காமல் இருப்பது நல்லது.

பிறந்தநாள் பலூன்தான் வீட்டில் பெரிய ஆபத்து. ஊதியதும் உதடு தடித்தால், மூச்சு இரைத்தால், உடனே சொல்ல வேண்டும். கதீட்டர் பிவிசி அல்லது சிலிகான், கையுறை நைட்ரில் என்று கேட்டு வாங்குங்கள். பல் மருத்துவரிடமும் முதல் வார்த்தை இதுவாகட்டும். சிலருக்கு வாழைப்பழம், பப்பாளி தின்றாலும் வாய் அரிக்கும். புரதங்களுக்குள் உறவு உண்டு. அரிக்காதவர்கள் நிறுத்தத் தேவையில்லை. படிப்பு முடிந்து வேலை தேடும்போது, ஈப்போ, தைப்பிங் வட்டாரக் கையுறைத் தொழிற்சாலைகள் இவர்களுக்கு ஏற்ற இடமில்லை.

"கிருமி இருக்கு" என்ற தாள்

கதீட்டர் போடுகிறவரின் சிறுநீரைச் சோதித்தால் பெரும்பாலும் கிருமி காட்டும். கிருமி இருப்பது வேறு, நோய் இருப்பது வேறு. காய்ச்சல், விலாவில் வலி, குமட்டல், திடீரென்று கூடிய கசிவு ஆகியவற்றில் ஒன்றோடு கிருமியும் இருந்தால்தான் நோய். வெறுமனே கலங்கலும் வாடையும் இருந்தால் தண்ணீரைக் கூட்டி, நேரம் தவறாமல் காலி செய்து ஒரு நாள் பார்க்கலாம். ஒவ்வொரு தடவையும் ஆன்டிபயாடிக் வாங்கினால், உண்மையில் காய்ச்சல் வரும் நாளில் எந்த மருந்தும் கேட்காது. உடம்புச் சூடு என்று பார்லி தண்ணீரும் இளநீரும் கொடுப்பார்கள். தண்ணீர்க் கணக்கில் அவை நல்லதே. சிறுநீரகம் பலவீனப்பட்டவர்களுக்கு மட்டும் இளநீரில் உள்ள பொட்டாசியம் ஆகாது.

எப்போது காத்திருக்கக் கூடாது

- குடலின் ஒரு துண்டை வைத்துப் பையைப் பெரிதாக்கும் அறுவை செய்தவருக்கு வயிறு உப்பி வாந்தி வந்தால், அன்றே பெரிய மருத்துவமனை. பை கிழிந்திருக்கலாம். உணர்வு குறைந்த உடம்பு என்பதால் வலி லேசாகவே தெரியும். லேசான வலியை நம்பிப் பரசெட்டமோல் போட்டுப் படுக்க வைக்கக் கூடாது.

- கதீட்டர் போகவே இல்லை, கடைசியாக எடுத்து 6 மணி நேரத்துக்கு மேலாகிறது என்றால் அவசரச் சிகிச்சைப் பிரிவு.

- காய்ச்சலோடு தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம் இருந்தால் சிறுநீர்த் தொற்று என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. ஷண்ட்டையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

- நன்றாக இருந்த பிள்ளைக்கு, உயரம் வேகமாகக் கூடும் வயதில், கசிவு கூடுகிறது, நடை மாறுகிறது, முதுகு வலிக்கிறது என்றால் முதுகுத்தண்டு வடுவில் ஒட்டிக்கொண்டு இழுபடுவது காரணமாக இருக்கலாம். இது அவசர ஊர்தி விவகாரமில்லை, ஆனால் ஆறு மாதம் கழித்து உள்ள தேதிக்குக் காத்திருக்கவும் கூடாது. ஒரு கொப்பியில் மூன்று நாளைக்கு எத்தனை மணிக்கு எத்தனை மில்லிலிட்டர் எடுத்தது, இடையில் எத்தனை தடவை நனைந்தது, எவ்வளவு குடித்தது என்று எழுதிக்கொண்டு போங்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். வெறுங்கையோடு போனால், அந்த மூன்று நாள் கணக்கை எழுதி வரச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள்.